பங்கைத்தானே வாங்குகிறோம், ஸ்டாம்ப் டியூட்டி எதற்கு? கூட்டுக் கம்பெனியைப் பிரிக்கும் முன் எடைபோட வேண்டிய வழிகள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை அண்ணனும் தம்பியுமாக இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். சிட்னிக்கு மேற்கே வென்ட்வர்த்வில் பக்கம் அவர்களுக்கு ஒரு கடைக் கட்டடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் வாங்கியது. ஆளுக்குப் பாதிப் பங்கு. அண்ணனுக்கு வயதாகிவிட்டது, ஒதுங்கிக்கொள்ள நினைக்கிறார். அவர் பங்கைத் தம்பி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. விலைகூடப் பேசி முடித்துவிட்டார்கள்.

கட்டடம் 40 லட்சம் டாலர் பெறும். வங்கிக்கு 25 லட்சம் கடன் பாக்கி. மீதி 15 லட்சத்தில் பாதி, அதாவது 7.5 லட்சம் அண்ணனுக்கு. “பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, இல்லையா?” என்று தம்பி கேட்டார்.

முடியவில்லை. அந்தக் கையெழுத்துக்கு நியூ சவுத் வேல்ஸ் அரசுக்குச் சுமார் 90 ஆயிரம் டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்று நான் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அண்ணன் என்னிடம் கேட்டார்: “நியாயமா இல்லைன்னு எழுதிக் கொடுத்தா விலக்கு தருவாங்களாமே, தம்பி? யாரோ சொன்னாங்க.”

அந்த ‘யாரோ சொன்ன’ விலக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆஸ்திரேலியாவில் கம்பெனி பெயரிலோ டிரஸ்ட் பெயரிலோ இடம் வாங்கி வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். பிரியும் நேரத்தில் எந்த வழியில் போகலாம், அதிகாரி தன் முடிவுப்படி தரும் இந்த விருப்புரிமை விலக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த 90 ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். நிலத்தை நேரடியாக விற்றால் ஸ்டாம்ப் டியூட்டி உண்டு. நிலத்தைக் கம்பெனிக்குள் வைத்துக் கம்பெனியை விற்றால் நிலத்தின் உரிமையாளர் பெயர் மாறுவதில்லை, பங்குதாரர்தான் மாறுகிறார். இந்தச் சந்துக்குள் பெரிய பெரிய கட்டடங்களெல்லாம் வரியில்லாமல் கைமாறின. அதை அடைக்க மாநிலங்கள் முதலில் கொண்டுவந்த சட்டம், சொத்தில் பெரும்பகுதி நிலமாக இருக்கும் கம்பெனிகளை மட்டுமே பிடித்தது. பிறகு அந்த விகிதக் கணக்கையே தூக்கிவிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2009 ஜூலை 1 முதலும், குயின்ஸ்லாந்தில் 2011 ஜூலை 1 முதலும், விக்டோரியாவில் 2012 ஜூலை 1 முதலும் கம்பெனியிடம் குறிப்பிட்ட மதிப்புக்கு நிலம் இருந்தாலே போதும், வேறு சொத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸில் அந்த வரம்பு 20 லட்சம் டாலர், விக்டோரியாவில் 10 லட்சம்.

வரம்பைத் தாண்டிய தனியார் கம்பெனியில் ஒருவர் கையில் 50 சதவீதமோ அதற்கு மேலோ சேர்ந்தால் டியூட்டி வரும். ஏற்கெனவே 50 வைத்திருப்பவர் கூடுதலாக வாங்கினாலும் வரும். நம் தம்பி இந்த இரண்டாவது வகை. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கு இது 90 சதவீதம், அதனால் சந்தையில் சாதாரணமாகப் பங்கு வாங்குபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டியூட்டி, பங்குக்குக் கொடுக்கும் விலையின் மேல் போடப்படுவதில்லை. கடனைக் கழிக்காத நில மதிப்பில் எத்தனை சதவீதம் கைமாறுகிறதோ அதன் மேல் போடப்படுகிறது. தம்பி கொடுப்பது 7.5 லட்சம். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதோ 40 லட்சத்தில் பாதி, 20 லட்சம். நியூ சவுத் வேல்ஸ் விகிதத்தில், சுமார் 12 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 5.5 சதவீதம், கீழே உள்ள அடுக்குகளுக்கு அதைவிடக் குறைவு. கூட்டினால் 90 ஆயிரத்தை ஒட்டி வரும். கையிலிருந்து கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது 12 சதவீதம். கடன் அதிகமாக உள்ள குடும்பங்களுக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பங்கைத் தொடாமல் வேறு மாதிரி செய்யலாமா என்பதுதான். தம்பி வாங்குவதற்குப் பதில் கம்பெனியே அண்ணனின் பங்கைத் திரும்ப வாங்கி ரத்து செய்துவிட்டால்? தம்பி ஒன்றுமே வாங்கவில்லையே என்று கேட்பார்கள். ஆனால் ரத்து நடந்த நிமிடத்தில் தம்பியின் 50 சதவீதம் 100 ஆகிறது. இப்படிக் கூடுவதையும் சட்டம் ‘பெறுதல்’ என்றே எடுத்துக்கொள்கிறது. சிறுகச் சிறுக வாங்குவதும் உதவாது. நியூ சவுத் வேல்ஸில் மூன்று வருடத்துக்குள் வாங்கியவை எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும், உறவினர் பெயரில் வாங்கியவையும் பொதுவாகச் சேரும். கம்பெனியிடமிருந்து நிலத்தையே தம்பி வாங்கிக்கொள்ளலாம். அப்போது டியூட்டி பாதிக்கு அல்ல, முழு 40 லட்சத்துக்கும் வரும், அதோடு கம்பெனியின் கையில் மூலதன ஆதாய வரியும் சேரும். இந்த மூன்றையும் அன்றே ஓரங்கட்டிவிட்டோம்.

அடுத்தது, சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் விலக்குகள். திருமணமோ சேர்ந்து வாழ்ந்த உறவோ முறிந்து சொத்தைப் பிரிக்கும்போது மாறும் பங்குகள். இறந்தவரின் உயில்படி வாரிசுக்கு வரும் பங்குகள். கம்பெனியைக் கலைக்க நியமிக்கப்பட்டவரும் திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்பவரும் பதவிமுறையில் பெறுபவை. எல்லாப் பங்குதாரர்களுக்கும் ஒரே விகிதத்தில் பங்கு கூடுவது. உங்கள் நிலைமை இவற்றில் ஒன்றுக்குள் பொருந்தினால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். இங்கே யாருடைய மனம் இரங்குவதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நிபந்தனையைக் காட்டும் காகிதம் இருந்தால் விலக்கு உங்கள் உரிமை. நம் சகோதரர்களுக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. ‘அண்ணன் தம்பிக்குள் நடக்கும் மாற்றம்’ என்று தனியாக ஒரு விலக்கு இருக்கும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். கடைக் கட்டடம் வைத்திருக்கும் கம்பெனிக்கு அப்படி ஒன்று இல்லை.

ஒரே குழுமத்துக்குள் கம்பெனிகளை மாற்றி அமைப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஏற்கெனவே உள்ள கம்பெனிக்கு மேல் ஒரு தாய்க் கம்பெனியை வைப்பது, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு நிலத்தை நகர்த்துவது போன்றவை. நியூ சவுத் வேல்ஸில் இதற்கு முன்பு முழு விலக்கே இருந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் டியூட்டியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். விக்டோரியா 2019 ஜூலையிலேயே இந்த 10 சதவீதத்துக்கு மாறிவிட்டது. உண்மையான உரிமையாளர்கள் மாறாத இடத்துக்குத்தான் இது. ஒருவர் வெளியேறி இன்னொருவர் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்போது இந்தக் கதவு திறக்காது.

இப்போது அண்ணன் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நியூ சவுத் வேல்ஸ் சட்டத்திலும் விக்டோரியா சட்டத்திலும் வருவாய் ஆணையருக்கு ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட பரிமாற்றத்துக்கு இந்த டியூட்டியைப் போடுவது நியாயமாகவும் தகுந்ததாகவும் இராது என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டால், அதற்கு விலக்கு தரலாம். இதைத்தான் விருப்புரிமை விலக்கு என்கிறோம். படிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும் வாசகம் இது. நம் கஷ்டத்தைச் சொன்னால் கேட்பார்கள் என்று தோன்றும். நானே ஆரம்ப காலத்தில் அப்படி நினைத்து ஒரு குடும்பத்துக்காக ஆறு பக்கம் எழுதினேன். நோய், கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் இருந்தது. பதில் ஒரு பக்கத்தில் வந்தது: விலக்கு இல்லை. எழுதியதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதிலாகவும் இல்லை. அந்தக் குடும்பத்தின் மூன்று மாதங்களை நான் வீணாக்கியதை இன்னும் மறக்கவில்லை.

‘நியாயம்’ என்ற சொல் அங்கே சட்டத்தின் நோக்கத்தோடு சேர்த்துப் படிக்கப்படுகிறது. நிலத்தை நேராக வாங்குபவரும் கம்பெனி வழியாக வாங்குபவரும் ஒரே மாதிரி வரி கட்ட வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் நோக்கம். அப்படியானால், “நாங்கள் வரி ஏய்க்க இப்படிச் செய்யவில்லை” என்பது நல்ல வாதம்போலத் தெரிந்தாலும் போதாது. ஏய்ப்பு இல்லாத சாதாரணப் பரிமாற்றத்துக்கும் டியூட்டி போட வேண்டும் என்றுதான் விகிதக் கணக்கை எடுத்தார்கள். கடனைக் கழிக்காதது அநியாயம் என்ற வாதமும் நிற்காது, ஏனென்றால் கடனோடு நிலத்தை நேராக வாங்கினாலும் முழு மதிப்புக்குத்தான் டியூட்டி. பணக்கஷ்டம் இதற்குள் வருவதே இல்லை.

அப்படியானால் எதற்குக் கிடைக்கும்? என் கணிப்பில், சட்டத்தின் சொற்களுக்குள் ஒரு பரிமாற்றம் மாட்டிக்கொள்கிறது, ஆனால் நிலத்தின் மீதான உண்மையான பாத்தியதை யாரிடமிருந்தும் யாருக்கும் போகவில்லை என்ற இடத்தில்தான் இதற்கு உயிர் இருக்கிறது. பங்கேட்டில் தவறாக ஒருவர் பெயர் ஏறி, பிறகு திருத்தப்படுகிறது. ஐந்து பேருக்குப் பங்கு ஒதுக்கும்போது முதல் ஆளுக்கு முந்தின நாள் ஒதுக்கியதால், ஒரே ஒரு நாள் அவர் பாதிக்கு மேல் வைத்திருந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒரே நிலத்தின் ஒரே பாத்தியதைக்கு இரண்டு படிகளில் இரண்டு முறை டியூட்டி விழுகிறது. இப்படி எழுதுங்கள்: ‘இது சட்டம் குறிவைத்த பரிமாற்றமே அல்ல, இன்ன காரணத்தால் வலைக்குள் விழுந்துவிட்டது.’ ‘எங்களுக்குக் கஷ்டம்’ என்று எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். விருப்புரிமைக்குப் போவதற்கு முன், வலைக்குள் நாம் உண்மையிலேயே விழுந்தோமா என்ற கேள்வி இருக்கிறது. அதில் ஜெயித்தால் யாரிடமும் சலுகை கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஜெயிப்பது சுலபமில்லை என்பதற்கு மெல்போர்னில் ஆலிவர் ஹியூம் என்ற சொத்து நிதி சம்பந்தப்பட்ட வழக்கு நல்ல உதாரணம். டயமண்ட் க்ரீக்கில் நிலம் வாங்கி மேம்படுத்த ஒரு கம்பெனி, 18 முதலீட்டாளர்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டியது. ஒரே தகவல் அறிக்கையைப் படித்துத்தான் எல்லோரும் வாங்கினார்கள், ஆகவே எல்லாம் சேர்ந்து ஒரே ஏற்பாடு, கம்பெனி முழுவதுமே கைமாறியதுபோல் என்றார் ஆணையர். விக்டோரியத் தீர்ப்பாயம் 2023-இல் அதை ஏற்றுக்கொண்டது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. தனித்தனியாகப் பணம் போட்ட முதலீட்டாளர்களாக இருந்தாலும், எல்லாம் ஒரே ஏற்பாடு என்றால் அவர்கள் வாங்கியதை ஒன்றாகக் கூட்டலாம் என்றாகிவிட்டது. அவர்கள் தோற்றது சட்டச் சொல்லின் பொருளில். பல பேர் சேர்ந்து இடம் வாங்கும் நம் நண்பர் குழுக்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நண்பர் குழு என்றதும் சொல்லியாக வேண்டும். ஐந்து பேர் ஆளுக்கு 20 சதவீதம் என்று யூனிட் டிரஸ்ட் (ஆளுக்கு இத்தனை யூனிட் என்று பங்கு பிரித்த டிரஸ்ட்) வைத்து இடம் வாங்குவது நம்மவர்களிடம் சகஜம். நியூ சவுத் வேல்ஸில் தனியார் யூனிட் டிரஸ்டுக்கான வரம்பும் முன்பு 50 சதவீதமாகவே இருந்தது. அதனால் ஒருவர் விலகி இன்னொருவர் வந்தால் டியூட்டி இல்லை. 2024 பிப்ரவரி 1 முதல் அது 20 சதவீதம். அதே 40 லட்சம் கட்டடத்தில் ஒருவர் தன் 20-ஐப் புதிய ஆளுக்கு விற்றால் 8 லட்சத்துக்குக் கணக்குப் போட்டு, வாங்குபவர் சுமார் 30 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். மீதி நால்வர் பிரித்து எடுத்துக்கொள்ளலாமே என்றால், ஏற்கெனவே 20 வைத்திருப்பவர் கூடுதலாக வாங்குவதும் கணக்கில் வருகிறது. விக்டோரியாவில் யூனிட் டிரஸ்டுக்கு முன்பிருந்தே 20 சதவீதம்தான். இந்த மாற்றம் தெரியாமல் பழைய ஞாபகத்தில் கையெழுத்துப் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ‘இது எங்களுக்குத் தெரியாது’ என்பது எந்த விருப்புரிமைக்கும் காரணமாகாது.

விண்ணப்பிப்பதா, கட்டிவிட்டு எதிர்ப்பதா? நியூ சவுத் வேல்ஸில் பங்கு கைமாறிய மூன்று மாதத்துக்குள் அறிக்கை தாக்கல் செய்து டியூட்டியைக் கட்ட வேண்டும். தாமதித்தால் வட்டி, அதுவும் சந்தை விகிதத்தோடு வருடத்துக்கு 8 சதவீதம் சேர்த்து. மதிப்பீட்டு நோட்டீஸ் வந்த பிறகு ஆட்சேபம் எழுப்ப 60 நாள் இருக்கிறது. ஆணையர் மறுத்தால் மாநிலத் தீர்ப்பாயத்துக்கோ மாநில உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம். ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது என்பதற்காகக் கட்ட வேண்டிய கடமை நிற்காது, நிரூபிக்கும் பொறுப்பும் முழுக்க நம்முடையது. இந்த வழி நாலைந்து லட்சம் டியூட்டி கட்டும் பெரிய பரிமாற்றத்துக்குச் சரிப்படும். 30 ஆயிரத்துக்கோ 90 ஆயிரத்துக்கோ என்றால் வக்கீல் செலவே பாதியைத் தின்றுவிடும்.

அதனால் நான் சொல்வது, கேட்பதானால் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். வருவாய் அலுவலகத்தில் உண்மைகளை எல்லாம் எழுதிக் கொடுத்து முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்க முடியும். நாம் சொன்ன உண்மைகள் முழுதாக இருந்தால் அந்தப் பதிலை நம்பி நடக்கலாம். பதில் பாதகமாக வந்தால் விலையைத் திரும்பப் பேசலாம், வேறு அமைப்பைப் பார்க்கலாம், விட்டும் விடலாம். கையெழுத்துப் போட்ட பிறகு இந்த மூன்றும் கையைவிட்டுப் போய்விடும். பணம் கைமாறிய பிறகுதான் கணக்கு ஆரம்பம் என்று நினைக்காதீர்கள், ஒப்பந்தம் போட்டதையே பங்கைப் பெற்றதாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

மெல்போர்னில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே 2024 ஜூலை 1 முதல் வணிக, தொழில் சொத்துகள் ஒரு புதிய முறைக்குள் போகின்றன. பாதியோ அதற்கு மேலோ கைமாறும் அடுத்த பரிமாற்றத்தில் கடைசி முறையாக டியூட்டி, பத்து வருடம் கழித்து வருடாவருடம் மனை மதிப்பில் 1 சதவீதம். கம்பெனிப் பங்கு வழியாகக் கைமாறினாலும் இது பொருந்தும். விருப்புரிமை விலக்கு கிடைக்குமா என்று அலைவதைவிட, இந்தக் கட்டடத்தை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்று உட்கார்ந்து யோசிப்பது அங்கே அதிகப் பயன் தரும்.

வாங்குபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து, கம்பெனியிடம் இருப்பது குடியிருப்பு நிலமாகவும் இருந்தால் தனிக் கவனம் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் வெளிநாட்டவருக்கான கூடுதல் டியூட்டி 2025 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். கம்பெனி வழியாக வாங்கினாலும் அது தொடரும்.

அந்தச் சகோதரர்களுக்கு நான் சொன்னது இதுதான்: விருப்புரிமை விலக்குக்கு உங்களிடம் வலுவான காரணம் இல்லை. நிலத்தின் பாதி உண்மையாகவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது, சட்டம் குறிவைத்ததே இதைத்தான். விண்ணப்பம் எழுத ஆகும் பணத்தை ஒரு நல்ல மதிப்பீட்டாளருக்குக் கொடுங்கள். 40 லட்சம் என்பது நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட தொகை, சந்தை மதிப்பு அதுதானா என்று யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தம்பி மட்டும் கட்டுறது சரியில்லை, ரெண்டு பேருமா ஏத்துக்குவோம்,” என்றார். மதிப்பீடு 38 லட்சம் என்று வந்தது. டியூட்டியில் 5,500 டாலர் குறைந்தது. பங்கு விலையையும் அதற்கேற்பத் திருத்தி, மீதி டியூட்டியில் பாதியை அண்ணன் பங்கிலிருந்து கழித்துக்கொண்டு, ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.